பாதித் திரைக்கு அடங்காத கடல்

நாடு ஏன் முன்னேறவில்லை என்பது ஒருவழியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஜனங்கள் டேப்லெட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கிறார்களாம். தலைநகர் ஸாக்ரெபில் இருக்கும் அமைச்சகம் இதை ஆராய்ந்து, ஆராய்ந்தவர்களுக்குப் பாராட்டு விழாவும் நடத்தி முடித்து, கடைசியில் ஓர் ஆணை பிறப்பித்தது. இனிமேல் டேப்லெட்டுக்குச் செயலி எழுதும் எவரும் தம் செயலியைப் பாதித் திரைக்குள் ஒதுங்கி நிற்கப் பழக்கவேண்டும். மறுபாதியில் இன்னொரு செயலி ஓடும். ஒதுங்க மறுக்கும் செயலி விற்பனையிலிருந்து நீக்கப்படும். இதைக் கண்காணிக்க ‘இணைப்பணி ஊக்குவிப்பு இயக்ககம்’ என்ற அலுவலகம் ஸ்ப்ளிட் என்ற கடற்கரை நகரத்தில் திறக்கப்பட்டது. இயக்குநருக்கு அது சொந்த ஊர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் தெரியவில்லை.

அந்த ஆணை நேரே பெரினாவின் பிழைப்பில் கைவைத்தது. அவள் ஸாக்ரெபில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் செயலி எழுதிக்கொண்டிருந்தவள். ஒரு காதில் கூட்டம், இன்னொரு காதில் இன்னொரு கூட்டம், கை தட்டச்சில், வாயில் ஆறிப்போன காப்பி. ஒருநாள் ‘போதுமடா சாமி’ என்று எழுந்து சொந்த ஊரான ஸ்ப்ளிட்டுக்கு வந்துவிட்டாள். வந்து எழுதியது ஒரே ஒரு செயலி. அதற்குப் பெயர் ‘ஃபியாகா’.

ஸ்ப்ளிட்காரர்களுக்கு ஃபியாகாவை விளக்கவேண்டியதில்லை. உச்சி வெயில், தெற்குக் காற்று, பெஞ்சில் உட்கார்ந்த மனுஷனுக்கு எதுவுமே வேண்டாம் என்று ஆகிவிடும். எழுந்திருக்கவும் வேண்டாம், உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டால் ஊருக்கே பொல்லாத கோபம் வரும். சோம்பேறிக்குச் செய்யாமல் விட்ட வேலை என்று ஒன்றாவது இருக்கும். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

பெரினாவின் செயலியைத் தொட்டால் திரை முழுக்கக் கடல் தெரியும். அரை மணி நேரத்துக்கு வேறு எதுவும் திறக்காது. அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் நிஜக் கடல் தெரிகிற வீட்டுக்காரர்கள்கூட அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த வருமானத்தில்தான் அவள் ஊரோடு இருந்தாள். செயலி போனால் மறுபடியும் ஸாக்ரெப், மறுபடியும் கண்ணாடிக் கட்டடம்.

“பாதியா வெட்டினா அது கடலா? மீன்தொட்டி,” என்று புருஷன் யாக்ஷாவிடம் புலம்பினாள். யாக்ஷா தீவுக்குப் போகும் படகில் டிக்கெட் கிழிப்பவன். அழுது பயனில்லை, நேரே போய் இயக்குநரைப் பார் என்றான்.

இயக்ககம் தன் கொள்கையைத் தானே கடைப்பிடித்தது. ஆகவே இயக்குநர் லோவ்ரே எப்போதும் இரண்டு மனுதாரர்களை ஒன்றாகத்தான் விசாரிப்பார். பெரினா போன அன்று அவளுக்கு ஜோடியாக ஷ்பீரோ என்பவர் வாய்த்தார். படகுக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுத்தரும் செயலி அவருடையது.

“ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுங்க,” என்றார் லோவ்ரே.

“ஐயா, என் செயலியில பண்றதுக்கு ஒண்ணுமே இல்லை, அதனால...”

“முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணுங்க, அதனால...”

இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக் குழப்பிக்கொண்ட லோவ்ரே பெரினாவின் பக்கம் திரும்பினார். “ஒண்ணுமே இல்லாததுக்கு ரெண்டு கை எதுக்கும்மா?” ஷ்பீரோவிடம், கடலை முடிச்சுப் போட அரசு அனுமதிப்பதில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். ஷ்பீரோ தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார்.

பெரினா மறுபடி ஆரம்பிப்பதற்குள் மரேண்டா நேரம் வந்துவிட்டது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஸ்ப்ளிட் மொத்தமும் எழுந்துபோய்ச் சாப்பிடுகிற வேளை அது. அரசாங்கம் கவிழ்ந்தாலும் மரேண்டா தள்ளிப்போகாது. லோவ்ரே பேனாவை வைத்துவிட்டு மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார். பெரினா விடவில்லை. பின்னாலேயே போய் எதிரில் உட்கார்ந்தாள். அவர் குடல் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தார். அவள் வாயைத் திறந்ததும் விரலை உயர்த்தினார்.

“மரேண்டாவுல ஆபீஸ் பேச்சு எடுக்காதீங்கம்மா. சாப்பாட்டுக்கு அவமரியாதை.”

“அப்ப நீங்களும் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யறீங்க.”

ரொட்டி பாதி வழியில் நின்றது. லோவ்ரே யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். “இது வேலை இல்லம்மா. இது மரேண்டா.”

“என் செயலியும் வேலை இல்லீங்க. அது கண்ணுக்கு மரேண்டா.”

லோவ்ரேவுக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் அவர் முதலில் ஊர்க்காரர், அப்புறம்தான் அதிகாரி. தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, விதியில் ஒரு சந்து இருப்பதை ஒப்புக்கொண்டார். இயல்பிலேயே பிளக்கமுடியாத செயலிக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தச் செயலியைப் பார்த்தபோது அதை மட்டுமே பார்த்து, வேறொன்றும் செய்யாமல் இருந்த ஒரே ஒரு சாட்சி வேண்டும்.

“ஒரு சாட்சியா? ஊரையே கூட்டிட்டு வர்றேன் பாருங்க,” என்று சிரித்தாள் பெரினா.

ஊரும் வந்தது. விசாரணை நாளன்று இயக்ககத்தின் கூடத்தில் நிற்க இடமில்லை. ‘எங்கள் கடலைப் பிளக்காதே’ என்று அட்டை பிடித்திருந்தார்கள். முதல் சாட்சி அழகு நிலையம் நடத்தும் தோன்கா.

“தினமும் பார்ப்பேங்க. சொர்க்கம்.”

“அப்ப வேற என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்யமாட்டேங்க. தலைக்குச் சாயம் பூசுவேன்.”

“உங்க தலைக்கா?”

“வர்றவங்க தலைக்குங்க.”

தோன்காவின் சாட்சியம் தள்ளுபடி ஆனது. அடுத்து வந்த ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் தான் சிலை மாதிரி இருந்ததாகச் சத்தியம் செய்தார். கூட்டத்திலிருந்து அவர் மனைவி, கால்பந்து விஷயமாகத் தம்பியோடு போனில் சண்டை போட்ட சிலையா என்று கேட்டுவிட்டாள். யோகா ஆசிரியை ஒருத்தி, தான் வெறுமே மூச்சு விட்டதாகவும், நாடித்துடிப்பைக் கைக்கடிகாரத்தில் கவனித்ததாகவும், மனம் அடங்கியதைப் படம் எடுத்து உடனுக்குடன் உலகத்துக்கு அறிவித்ததாகவும் சொன்னாள். ஒரு ஜெர்மானியர் டேப்லெட்டில் கடலைப் பார்த்தபடியே கடற்கரையில் நடைபழகினாராம். நிஜக் கடல் எந்தப் பக்கம் இருந்தது என்பது அவருக்கு நினைவில்லை.

பெரினா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ஃபியாகாவுக்குப் பேர்போன ஊரில் சும்மா இருந்தவன் ஒருத்தன் இல்லையா? அப்போதுதான் யாரோ மாத்தேயைக் காட்டினார்கள். இயக்ககத்திலேயே விசாரணை ஜன்னலில் உட்காரும் எழுத்தர் அவர். அவர் மேசையில் அந்தக் கடல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கை அசைந்து பார்த்தவர்கள் ஊரில் கிடையாது.

“மாத்தே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்ப வேற ஏதாவது செஞ்சீங்களா?”

“இல்லீங்க,” என்றார் மாத்தே. கூடம் அதிர்ந்தது.

லோவ்ரே வருத்தத்தோடு கையை உயர்த்தினார். “ஆபீஸ் நேரமாச்சே. அந்த நேரத்துக்குச் சம்பளம் வாங்கியிருக்கீங்களே. விதிப்படி நீங்க வேலையில இருந்திருக்கீங்க.” தன்னை உழைப்பாளி என்று ஒருவர் சொல்லக் கேட்டது மாத்தேவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

“கடைசியா நீங்க இருக்கீங்களேம்மா,” என்றார் லோவ்ரே மெதுவாக. “நீங்க சொன்னாலே போதும். நான் எழுதிக்கறேன்.”

ஒரே ஒரு பொய் போதும். பெரினா வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை.

“கடல் ஓடுறப்ப நான் போன்ல, என் செயலியைப் பத்தி யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு படிப்பேங்க.”

அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. லோவ்ரே ஆணையை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஆணையின் நோக்கம் என்ன? ஜனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யவேண்டும் என்பது. இந்தச் செயலியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஊரே வந்து நிரூபித்துவிட்டது. எனவே இது ஆணைக்கு ஏற்கெனவே கீழ்ப்படிந்த செயலி. கீழ்ப்படிந்ததென்ன, முன்மாதிரிச் செயலி. திரையைப் பிளக்கத் தேவையில்லை. சான்றிதழ் கையோடு வழங்கப்படுகிறது. ஒரே நிபந்தனை: ஊரில் யாராவது உண்மையிலேயே சும்மா இருப்பதாகத் தெரியவந்தால் அன்றைக்கே சான்றிதழ் ரத்து.

கூடம் ஆரவாரித்தது. பெரினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றுமுதல் ஸ்ப்ளிட்காரர்கள் ஃபியாகாவைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். உச்சி வெயிலில் கடற்கரை பெஞ்சில் எவனாவது வெறும் கையோடு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்து, “பாவம், அந்தப் பொண்ணு பிழைப்புல மண்ணைப் போடாதே,” என்பார். அவனும் பதறிப்போய் போனை எடுப்பான்.

ஒரு மத்தியானம் தெற்குக் காற்று வீசியது. படகுவேலை முடிந்து வந்த யாக்ஷா வாசற்படியில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல், எதையும் நினைக்காமல் அப்படியே இருந்தான். பெரினா எட்டிப் பார்த்தாள். தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் ஒரு கூடைப் பட்டாணியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

“சும்மா இருக்கறதுன்னா இதை உரிச்சுக்கிட்டே இரு.”