கொல்லிமலை ரயிலும் ஒரு பட்டாளத்துக்காரனும்

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அங்கே போஸ்ட் மாஸ்டராக இருந்த காலத்தில் ஒரு ரயில் இருந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கும். தலையில் சும்மாடு. காலையில் அடிவாரத்தில் மூட்டையோடு புறப்பட்டு, 'குப்பு குப்பு' என்று வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு, மத்தியானம் மலைமேல் என் ஆபீஸ் இருந்த ஊரான திருப்புலி நாடு வந்து சேரும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தது. ஊருக்கெல்லாம் அவர் ரயிலு.

அப்போது மலைக்கு பஸ் இல்லை. ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. உப்பு, சீமெண்ணெய், சர்க்கார் காகிதம் எல்லாம் ஒற்றையடிப் பாதையில் மனிதத் தலைமீதுதான் ஏற வேண்டும். ரயிலு ஏற்றாத சாமான் இல்லை. ஒருமுறை ஆட்டுக்கல்லையே சுமந்து வந்தார். இன்னொரு முறை, சந்தையில் யாரோ வாங்கிய கிடாய்க்கு மூச்சு வாங்குகிறது என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "உனக்கு நாலு காலு, எனக்கு ரெண்டு. வெக்கமா இல்லயா?" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். கிடாய் பதில் பேசவில்லை. பேச அவர் விட்டிருக்கவும் மாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. பெரிய யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேரப் போனவரை, பாதம் தட்டையாக இருக்கிறது, நெடுந்தூரம் நடக்க லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தினமும் மலை ஏறி இறங்குகிற மனிதரை! அன்று முதல் பட்டாளத்துக்காரர்களைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்துவிட்டார். அதிலும் சண்டையில் அடிபட்டு வந்தவர் என்றால் கூலியே வாங்க மாட்டார். குண்டூர் நாட்டில் தோளில் குண்டுச் சில்லோடு ஒரு பழைய சிப்பாய் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கருப்பனார் கோயிலில் ரயிலு உடைத்த தேங்காயில் ஒரு மூடி அந்தச் சிப்பாய் வீட்டுக்குப் போய்விடும்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்பார் சிப்பாய்.

"உங்களுக்கில்லீங்க. அந்தத் தோளுக்குங்க."

இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஆசாமி, தொடைத் தழும்பைக் காட்டி, பர்மாவில் குண்டு பட்டது என்று சொல்லி, இரண்டு மாதம் சீமெண்ணெய் டின்னை இனாமாக ஏற்றிக்கொண்டார். அது காட்டுப்பன்றி குத்திய தழும்பு என்று அவர் மனைவியே ஒருநாள் போட்டு உடைத்துவிட்டாள். ரயிலு கோபிக்கவில்லை. நிதானமாக யோசித்தார்.

"பன்னிகூடப் போட்டதும் சண்டைதானுங்க. ஆனா அதுக்குப் பாதி மலைதான்."

அடுத்த டின் பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

சீனச் சண்டை முடிந்த சமயம் என் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. திருப்புலி நாட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போன செல்லமுத்துவுக்குக் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அந்தம்மா அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தபால் மூட்டையை இறக்க வந்த ரயிலுதான் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கருப்பனாரே! பையன் உசுரோட வரட்டும். அடிவாரத்துலருந்து உன் வாசல் வரைக்கும் என் முதுகுலயே சுமந்துட்டு வாரேன்!"

கத்திய இடம் போஸ்ட் ஆபீஸ். அரை மணி நேரத்தில் மலைக்கே தெரிந்துவிட்டது.

சில மாதம் கழித்துச் செல்லமுத்து மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினான். தபால் வேலையாகக் கீழே வந்திருந்த நானும், அழைத்துப்போக வந்திருந்த ரயிலும் அவனோடு மாட்டு வண்டியில் அடிவாரம் வரை போனோம். இஸ்திரி போட்ட உடுப்பு, புது மரக்கால். பாதை மேலேறும் இடத்தில் ரயிலு மண்டிபோட்டு முதுகைக் காட்டினார்.

"ஏறு கண்ணு."

"இல்லீங்கண்ணா. நடந்தே வாரனுங்க."

"சாமிகிட்ட வாக்குக் குடுத்துப்புட்டேன்."

"என்னயக் கேட்டுக்கிட்டா குடுத்தீங்க?"

"சாமியவே கேக்கல, உன்ன எங்க கேக்கறது? ஏறு!"

செல்லமுத்து அசையவில்லை. "எங்கம்மா முன்னால நடந்து போயி நிக்கோணுங்கண்ணா," என்றான்.

ரயிலு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு வழியெல்லாம் முணுமுணுப்புதான். சாமி குத்தம், பட்டாளத்துத் திமிர், மரக்கால் செய்தவனுக்கு மலை தெரியாது, இப்படி. மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட ஏறியிருக்க மாட்டோம். செல்லமுத்து ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டான். மரக்காலைக் கட்டிய தோல்வாருக்குக் கீழே உடுப்பு ரத்தத்தில் நனைந்திருந்தது. வலியைவிட அவமானம்தான் அவன் முகத்தில் தெரிந்தது.

ரயிலு இப்போது ஒரு பிரசங்கமே செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குனிந்து முதுகைக் காட்டினார். செல்லமுத்து ஏறிக்கொண்டான். எதிரே ஆட்கள் வந்தால் ரயிலு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகு நடந்தார். அன்று மட்டும் ரயில் சத்தமே இல்லாமல் மலை ஏறியது.

ஊருக்கு முந்தின திருப்பத்தில் அவனை இறக்கினார். தன் துண்டைக் கிழித்து மரக்காலுக்குள் மெத்தைபோல வைத்து வாரைக் கட்டினார்.

"போ கண்ணு. இனி சமதளந்தான்."

"வேண்டுதலுங்கண்ணா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் பாக்கலீங்க."

"பாக்கலீங்க," என்றேன். அவர்கள் இருவரும் காலமான பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஊரே வேடிக்கை பார்க்க, செல்லமுத்து தன் வீட்டு வாசல்வரை நடந்தான். அவன் அம்மா காலைப் பார்க்கவே இல்லை. முகத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். பூசாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ரயிலு, சொன்னபடி சுமந்துட்டு வந்தியா?"

"இல்லீங்க. பையன் நடந்தே வந்துட்டான். எனக்கு வேலையே இல்லாமப் போச்சுங்க."

வாக்குத் தவறியதற்குக் கோயிலை மூன்று சுற்று உருண்டு வர வேண்டும் என்றார் பூசாரி. செல்லமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "பூசாரிங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு சாமி!" என்று அதட்டினார் ரயிலு. "பெரியவங்க பேசறப்பக் குறுக்க பேசத்தான் பட்டாளத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

கூட்டம் சிரித்தது. ரயிலு சரளைக்கல்லில் உருண்டார். மூன்று சுற்றும் முழுசாக.

எல்லாரும் போன பிறகு, செல்லமுத்து மரக்காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவர் முதுகில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவினான். "மெதுவாடா! முதுகுடா அது, துப்பாக்கி இல்ல," என்று ரயிலு கத்தினார். அவன் தடவிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை.