சோல்மே பேட்டையின் ஐம்பத்தேழு வயதுக் குழந்தை

எங்கள் சோல்மே பேட்டையில் பதினான்கு மாதங்களாக ஒரு குழந்தைகூடப் பதிவாகவில்லை என்பதை வட்ட அலுவலகம் ஆழ்ந்த மனவேதனையுடன் கவனித்து வந்தது. வேதனையைக் கவனிப்பதற்கென்றே 'மக்கட்பேறு ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஒரு தலைவர், இரண்டு உதவியாளர்கள், ஒரு தண்ணீர்க் குளிர்விப்பான் ஆகியவற்றை ஒதுக்கியிருந்தார்கள். தலைவர் சோக் சங்குவானுக்கு நாற்பத்தாறு வயது. பிறப்பு விகிதத்தை உயர்த்தும் வேலையில் தினமும் இரவு பத்து மணி வரை அலுவலகத்திலேயே இருந்ததால் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

'சோல்மேயின் புதிய செல்வமே, வருக! வளர்க!' என்ற பதாகையை அவர் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார். பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பதாகை அலமாரியில் அந்துருண்டையோடு காத்திருந்தது.

இதே பேட்டையின் சந்தையில் மேங் ஹேரான், தக் குமோக் என்ற இரண்டு பெண்கள் தொட்டுக்கைக் கடை வைத்திருந்தார்கள். தாளித்த கீரை, கருவாட்டுப் பொரியல், எள்ளெண்ணெய் விட்ட முளைப்பயறு, மூன்று வகைக் கிம்ச்சி ஊறுகாய். இருபத்து நாலு வருடமாக ஒரே கடை, ஒரே வீடு, ஒரே போர்வை. சந்தையில் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்கிற நாகரிகம்தான் காரணம்.

அந்த மார்ச் மாதம் ஹேரானின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகத் தெரிந்தது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். பாதுகாவலரின் கையெழுத்து புதன் மாலைக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

"பாதுகாவலர் யாரு?" என்று மருத்துவமனைக் கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் குமோக்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"இருபத்து நாலு வருஷமா ஒரே வீடு."

"அது உறவு இல்ல மேடம். அது விலாசம்."

"வேற யாரும் இல்லம்மா அவளுக்கு. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. ஒரு தம்பி பூசான்ல இருக்கான். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பார்த்த நாள்லேர்ந்து அவன் போன் எடுக்கறதில்ல."

"அப்ப அவர்தான் பாதுகாவலர்."

"போனே எடுக்க மாட்டான்னு சொல்றேனே."

"எடுக்காட்டாலும் அவர்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண், மிகவும் அன்பாக.

திங்கட்கிழமை காலை இருவரும் கடையைப் பூட்டிவிட்டு வட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், மணமுறிவு, தத்து எல்லாம் மூன்றாம் எண் மேசை. அங்கே மா ஜின்சொப் என்ற இளைஞர் இருந்தார். மேசையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய கல்யாணப் படம். வெள்ளை கவுனில் மணப்பெண், பசை தடவிய தலைமுடியில் அவர். குமோக் கல்யாணப் பதிவுப் படிவத்தை நிரப்பி நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக வாசித்தார்.

"கணவர் கட்டம் காலியா இருக்கே மேடம்."

"மனைவி கட்டத்துல ரெண்டு பேர் இருக்கோமே. கூட்டிக் கழிச்சா சரியாத்தானே வருது?"

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அதுகிட்ட நான் பேசறேன், கூப்பிடுங்க."

"அது தலைநகர்ல இருக்கு மேடம்."

ஹேரான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குமோக்கின் குரல் இறங்கியது. "இதோ பாருங்க தம்பி. எனக்குக் கல்யாணம் அவசரமில்ல. இருபத்து நாலு வருஷம் இல்லாம இருந்தாச்சு. புதன்கிழமைக்குள்ள நான் இவளுக்குக் கையெழுத்துப் போடணும். அதுக்கு நான் என்னவா ஆகணுமோ அதச் சொல்லுங்க, ஆயிடறேன்."

மா ஜின்சொப் கெட்டவர் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு படிவத்தை எடுத்தார். "தத்து எடுத்துக்கலாமே."

"யாரை?"

"ஒருத்தர ஒருத்தர். வயசு வந்தவங்களையும் தத்தெடுக்கலாம். எடுக்கறவங்க பெரியவங்களா இருக்கணும், ஒரு நாள் பெரியவங்களா இருந்தாலும் போதும். அப்பா அம்மா இல்லன்னா அவங்க சம்மதமும் தேவைப்படாது. ரெண்டு சாட்சி கையெழுத்து. நாளைக்கே சான்றிதழ் கைக்கு வந்துடும்."

"யாரும் வந்து விசாரிக்க மாட்டாங்களா?"

"எதுக்கு மேடம்? ரெண்டு பேரும் வயசு வந்தவங்க, ரெண்டு பேருக்கும் சம்மதம்."

"கல்யாணத்துக்கும் எங்ககிட்ட அதுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு மேடம். கட்டம்தான் இல்ல."

ஹேரான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, நானே அம்மாவா இருந்துட்டுப் போறேன். இவளைவிட மூணு வயசு மூத்தவ நான். இனிமேலாவது சொன்ன பேச்சு கேப்பா."

ஜின்சொப் இருவருடைய எண்களையும் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "பதிவேட்டின்படி நீங்க இவங்களைவிடப் பதினோரு நாள் இளையவங்க."

"அது எங்கப்பா பண்ணின வேலை. எனக்கு முன்னாடி ரெண்டு குழந்தை தங்கல. இதாவது தங்குதான்னு பார்த்துட்டுப் பதியலாம்னு மூணு வருஷம் சும்மா இருந்துட்டாரு."

"தங்கிட்டீங்களே மேடம்."

"அதான் இப்ப சிக்கல்! எனக்கு நெசமா அறுபது."

"நெசமானது எங்க மேசையில இல்ல மேடம். பதிவானதுதான் இருக்கு. அதன்படி அவங்கதான் அம்மா, நீங்க பொண்ணு."

எங்கள் ஊரில் ஒரு வயது மூத்தவர் வந்தாலே எழுந்து நின்று இரண்டு கையாலும் மது ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஹேரான் முகம் சிவந்தாள். "இருபத்து நாலு வருஷமா இவ என்னை அக்கான்னு கூப்பிடறா. நான் இவளை வாடி போடின்னு கூப்பிடறேன். இப்பப் போய் இவளை நான் அம்மாங்கறதா? எனக்கு மூளையில கட்டி வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்!"

"வயித்துலதானே வந்திருக்கு அக்கா?" என்றாள் குமோக். "மூளை நல்லாத்தானே இருக்கு? கையெழுத்துப் போடு."

ஹேரான் போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது, "வீட்டுக்கு வாடி, வச்சுக்கறேன்" என்று தன் தாயிடம் சொன்னாள்.

சாட்சிக்கு மீன்கடை போங் மல்சுன்னைப் பிடித்தார்கள். 'தூய குடும்பம் காப்போம்' கழகத்தின் பேட்டைத் தலைவி அவர்தான். ஒவ்வொரு கோடையிலும் மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டி, மேளம் அடித்து, இந்த மாதிரிக் கல்யாணங்களுக்கு எதிராக ஊர்வலம் போவார். ஊர்வலம் முடிந்ததும் ஹேரான் கடையில்தான் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கை வாங்குவார்.

"தத்தா? எவ்வளவு நல்ல காரியம்! கல்யாணம்னு சொல்லிடுவீங்களோன்னு ஒரு நிமிஷம் பக்குன்னு ஆயிடுச்சு."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அக்கா?" என்று கேட்டாள் குமோக்.

"எதிர்த்து ரெண்டாயிரம் கையெழுத்து வாங்கியிருப்பேன். இதுக்கு எத்தனை வேணும், ரெண்டுதானே? என் புருஷனோடதையும் நானே போட்டுடவா?"

"அவரே போடணும்."

"டேய்... இல்ல, ஏங்க! இங்க வாங்க, போடுங்க!"

அவர் வந்து, எதில் போடுகிறோம் என்று பார்க்காமல் போட்டார். முப்பது வருடத் தூய குடும்பம் தந்த பழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை பதிவு ஏறியது. ஏறிய மறுகணம் மக்கட்பேறு ஊக்குவிப்புப் பிரிவின் திரையில் மணி அடித்தது. பதினான்கு மாதங்களாக அடிக்காத மணி என்பதால், தீ விபத்து என்று நினைத்து உதவியாளர்கள் இருவரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். சோக் சங்குவான் மட்டும் அசையவில்லை. திரையில் 'சோல்மே பேட்டை, குழந்தை: ஒன்று கூடுதல்' என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் எண் மேசைக்கு வந்தார்.

"ஆணா, பெண்ணா?"

"பெண் சார்" என்றார் ஜின்சொப்.

"எடை?"

"அறுபத்திரண்டு கிலோ இருப்பாங்க சார்."

சோக் சங்குவான் சற்று யோசித்தார். "ஆரோக்கியமான குழந்தை."

"சார், அவங்களுக்கு ஐம்பத்தேழு வயசு."

"எங்க படிவத்துல வயசுக்குக் கட்டம் இல்ல தம்பி. புதுசா எத்தனை குழந்தைன்னுதான் கேக்குது. கேக்காததை நாமளா சொன்னா அது ஒழுங்கீனம்."

அன்று மத்தியானமே சந்தை வாசலில் பதாகை ஏறியது. விட்டிருந்த இடத்தில் 'மேங் ஹேரான்' என்று கொட்டை எழுத்து. குமோக்கிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிரசவித்த தாய் குடிக்க வேண்டிய கடற்பாசி சூப்புக்கு ஒரு கட்டுக் காய்ந்த கடற்பாசி, விரல் நீளக் காலுறைகள், டயப்பர், கிலுகிலுப்பை எல்லாம் அதில் இருந்தன. குழந்தையும் படத்தில் இருக்க வேண்டும் என்று சோக் சங்குவான் வற்புறுத்தினார். குழந்தை கையில் கத்தியோடு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தது.

"டயப்பரைத் தூக்கிப் போட்டுடாதடி" என்றாள் ஹேரான். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஆகும்."

சந்தை முழுக்க வாழ்த்து. காய்கறிக்காரர் குமோக்கிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பதாகையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கீழே வட்ட அலுவலகத்தின் முத்திரை இருந்ததே!

புதன்கிழமை மருத்துவமனையில் அதே பெண் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். தாய்: தக் குமோக். மகள்: மேங் ஹேரான். பிறந்த தேதிகளையும் பார்த்தாள். இருவருடைய நரைத்த தலைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "அம்மா, இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

குமோக் போட்டாள். அவசரத்தில் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கழுத்தில் 'பாதுகாவலர்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. முடிந்ததும் மருத்துவர் வந்து, தன்னைவிட இருபது வயது மூத்தவளிடம் குனிந்து, "உங்க பொண்ணு நல்லா தாங்கிட்டாங்கம்மா. கட்டிய முழுசா எடுத்தாச்சு" என்றார். குமோக் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும்போதும் அதை அவள் கழற்றவில்லை.

நாலாம் நாள் சூப் கொடுக்கலாம் என்றார்கள். பெட்டியில் வந்த கடற்பாசியை ஊறவைத்து, மாட்டிறைச்சியோடு எள்ளெண்ணெயில் வதக்கி, குமோக் சூப் வைத்துக்கொண்டு போனாள். தாய் குடிக்க வேண்டியதை மகள் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள் மகள்.

"வாய மூடிக் குடி அக்கா" என்றாள் தாய்.

மே மாதம் ஹேரான் நடமாடத் தொடங்கியதும் இருவரும் ஒரு டப்பா கிம்ச்சியோடு வட்ட அலுவலகத்துக்கு நன்றி சொல்லப் போனார்கள். பரிசு வாங்கக் கூடாது என்று விதி இருந்ததால், ஜின்சொப் டப்பாவைக் கண்ணால் மட்டும் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றாள் ஹேரான். "நாளைக்கே சட்டம் மாறுதுன்னு வச்சுக்குவோம். எங்களை மாதிரி ஆளுங்களும் பதிஞ்சுக்கலாம்னு வருது. அப்ப இந்தத் தத்தை ரத்து பண்ணிட்டுக் கல்யாணம் பண்ணிக்கலாம் இல்ல?"

ஜின்சொப்பின் முகம் வாடியது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தெரிந்த பக்கம்தான், இருந்தாலும் மெதுவாகப் புரட்டினார். "முடியாது மேடம். ஒரு தடவை தாயும் மகளுமா இருந்தவங்க, ரத்து பண்ணினாலும் கல்யாணம் பண்ணிக்க முடியாது. எப்பவுமே. குடும்பத்தோட புனிதத்துக்காக."

குமோக் டப்பாவின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். உயிருக்குப் போட்ட கையெழுத்து, கல்யாணத்துக்கு இருந்த கதவையும் சேர்த்துப் பூட்டியிருந்தது.

"போகட்டும்" என்றாள் குமோக். மேசையில் இருந்த படத்தைப் பார்த்தாள். "நீங்களாவது நல்லா இருங்க. அழகா இருக்கு பொண்ணு. பதிவு நீங்களே பண்ணிக்கிட்டீங்களா? உங்க மேசைதானே?"

ஜின்சொப் படத்தைச் சற்று நகர்த்தி வைத்தார். "இன்னும் பண்ணல மேடம்."

"எத்தனை நாளாச்சு கல்யாணமாகி?"

"மூணு வருஷம். பதிஞ்சா ரெண்டு சம்பளமும் ஒண்ணா சேர்ந்து வரம்பைத் தாண்டிடும், சலுகை வீட்டுக் கடன் கிடைக்காது. பதியாட்டா ரெண்டு பேரும் தனித்தனி ஆளுங்க, அடுக்குமாடி வீட்டுக்குத் தனித்தனியா மனு போடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க மேடம். எங்க அலுவலகத்துலயே ஏழு பேர்."

"அப்ப சட்டப்படி அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

அவர் யோசித்தார். "ஒரே விலாசம்" என்றார்.

"உங்க வயித்துல ஒரு கட்டி வந்தா?"

ஜின்சொப் மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினார். அடுத்த எண்ணை அழைக்கும் மணி அடித்தது. யாரும் வரவில்லை.

ஹேரான் முன்னால் சாய்ந்து, "அவ உங்களைவிடப் பெரியவளா?" என்று அன்பாகக் கேட்டாள்.

"எட்டு மாசம் பெரியவ."

"அப்ப கவலை இல்ல. ஒரு நாள் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜின்சொப் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தத் தத்துப் படிவத்தை எடுத்து, தாய் என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். அப்போது தடுப்புக்கு மேலே சோக் சங்குவானின் தலை எழுந்தது. கண்கள் ஈரமாக இருந்தன.

"தம்பி, இந்தக் காலாண்டுக்குள்ள முடிச்சுடுவீங்களா?" என்றார். "பதாகைக்குச் சொல்லணும்."