ஏழாம் நம்பர்காரரின் செல்போன்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே பேய்க்கு அதிகம் பயந்த மனிதர் எங்கள் லாட்ஜ் அண்ணாச்சிதான். அப்பேர்ப்பட்டவர்தான் செத்தவருடைய செல்போனுக்கு உயிர் கொடுத்தார்.

ஜங்ஷன் பக்கம் இருந்த அந்த லாட்ஜுக்கு அவர் மேனேஜர். நான் அங்கே மாத வாடகைக்கு இருந்தேன். கொடியில் காய்ந்த தன் வேட்டியைப் பார்த்தே "யாருவே அது?" என்று அலறி, பதில் வராததால் திருநீறு எறிந்தவர். விளக்கு வைத்த பிறகு மாடி ஏறினால் தேவாரம் பாடிக்கொண்டேதான் ஏறுவார். பயம் கூடக் கூட சுருதியும் கூடும்.

ஊருக்குள் செல்போன் வந்த புதிது. பம்பாயிலிருந்து வந்து ஏழாம் நம்பர் அறையில் தங்கியவர் செங்கல் பருமனுக்கு ஒன்று வைத்திருந்தார். ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். அவர் கொடுத்திருந்த பம்பாய் விலாசத்தில் யாருமே இல்லை. கடைசியில் கருப்பந்துறைச் சுடுகாட்டில் அவருக்குக் கொள்ளி வைத்தவர் அண்ணாச்சி. அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

"கொள்ளி வச்சவன் துட்டி சொல்லாண்டாமா வே? வீட்ல இன்னும் அவரு உசுரோட இருக்காருன்னுல்லா நெனச்சிட்டு இருப்பாவ!"

சாவுச் செய்தியைத்தான் எங்கள் பக்கம் துட்டி என்போம். யாரிடம் சொல்வது? செல்போனோ சார்ஜர் இல்லாமல் செத்துக் கிடந்தது. துபாயிலிருந்து வந்திருந்த காயல்பட்டினத்து நண்பரிடம் கெஞ்சி ஒரு சார்ஜர் வாங்கி வந்தார் அண்ணாச்சி. போனுக்குத் திருநீறு பூசி, வேப்பிலை கட்டி, சார்ஜ் ஏற்றினார். சிக்னல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் மட்டும்தான் கிடைத்தது. வீட்டார் யாரேனும் கூப்பிடுவார்கள் என்று அங்கே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் உச்சி வெயிலில், ஆளில்லாத மாடியில் அது மணியடித்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். வேப்பிலையோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீரு எடும் வே."

"நீங்கதான அண்ணாச்சி கொள்ளி வச்சீங்க?"

எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல். "இத்தன நாளா எங்கலே போன? அக்காவ மறந்துட்டியோ? சாப்ட்டியா?"

துட்டியை நேரில் ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். போனில் சொல்ல அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை. "சாப்ட்டேன்க்கா. நீ சாப்ட்டியா?" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அண்ணாச்சியின் குரலே இல்லை. ஏழாம் நம்பர்காரர் மூக்கால் இழுத்துப் பேசுவாரே, அதே குரல்.

தினமும் மதியம் போன் வந்தது. செத்தவர் மாடியில் பேசுகிறார் என்று புரளி கிளம்பி, அறைகள் காலியாயின. "போன அமத்துதீரா, சோலிய விட்டுட்டுப் போறீரா?" என்று முதலாளி கத்தினார். அண்ணாச்சி பயந்து நடுங்கினாரே தவிர, போனை அணைக்கவில்லை. ஆனால் விலாசம் வேண்டுமே! துணிந்து கேட்டுவிட்டார்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு எப்படி வரணும்?"



"சொந்த வீட்டுக்கே வழி கேக்குதியாலே? குலசேகரன்பட்டினத்துல எறங்கி, கடக்கரைக்குப் போற பாதையில கடேசி வீடு. வா."

மறுநாளே பஸ் ஏறினார். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?"

"எங்க வே சொல்ல விட்டாவ? கதவத் தொறந்ததுமே, 'எந்தம்பி எப்பம் போனான்?'னு கேட்டுட்டாவ. மொத நாளே தெரியுமாம். 'நீ சாப்ட்டியான்னு அவன் ஒருநாளும் என்னக் கேட்டதில்ல'ன்னாவ. பொறவு எதுக்குக்கா தெனமும் கூப்ட்டியன்னேன். 'ஒத்தையில கெடக்கேன், யாராவது கேக்கட்டுமேன்னுதான்'னு சொல்லுதாவ வே."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணியடித்தது. பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு மாடிக்கு ஓடினார். ஈ மொய்க்காமல் அவர் தட்டை நான் மூடி வைத்தேன். அன்று முதல் அது என் வேலையாயிற்று. சில மாதம் கழித்து ஒரு மதியம் மணியடிக்கவில்லை; அண்ணாச்சி மறுபடியும் குலசேகரன்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். அந்த வேலை இன்னும் கொஞ்ச காலம் எனக்குக் கிடைத்திருக்கலாம்.