வீரகண்டனின் கொழுப்பு குறைந்த கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்றதும், "முயலைத் தின்றதா?" என்று கேட்காதீர்கள். பொறுங்கள். இந்தச் சிங்கத்துக்கு நாலு பாறை ஏறினாலே மூச்சு வாங்கும். பெயர் மட்டும் வீரகண்டன்! ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை.

டீக்குப் பால் கொடுத்தவள் செங்கமலம் என்ற பசு. அவள் பால் கொடுக்கும்வரை அவளை அடித்துத் தின்பதில்லை என்று சிங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. பால் வேண்டாமென்று ஆகிவிட்டால்?

ஒருநாள் மரங்கொத்தி டாக்டர் வந்து சிங்கத்தின் நெஞ்சை டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தார். ரத்தமும் எடுத்தார்.

"சர்க்கரை ஜாஸ்தி, கெட்ட கொழுப்பும் ஜாஸ்தி."

எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, சடையாண்டி என்ற ஆட்டுக்கிடா ஒரு கேனோடு வந்து நின்றது. "ராஜா, சோயாப் பால்! நெஞ்சுக்கு அமிர்தம். பசும்பால் முழுக்கக் கொழுப்பு!"

"பசும்பால்ல கால்சியம் இருக்கு!" என்று செங்கமலம் பதறினாள்.

"ராஜாவுக்கு எலும்பா வலிக்குது? நெஞ்சும்மா, நெஞ்சு!"

சிங்கம் டாக்டரைப் பார்த்தது.

"சோயாப் பால்ல கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்கும். உண்மைதான்," என்றார் டாக்டர். "பசும்பாலும் அளவாக் குடிச்சா தப்பில்ல. எதைக் குடிச்சாலும் அந்த மூணு ஸ்பூனை விடணும். தினமும் நல்லா நடக்கணும்."

முதல் வரிக்கு மேல் சிங்கத்தின் காதில் ஏறவில்லை. யாருக்குத்தான் ஏறுகிறது?

"அப்போ இனிமே சோயாதான்," என்றது. பிறகு செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியது.

அவள் நாலு காலையும் பின்னால் எடுத்து வைத்தாள். ஆனாலும் வாய் மட்டும் ஓடியது. "தாராளமாத் தின்னுங்க ராஜா. ஆனா நீங்க வேண்டாம்னு ஒதுக்கின கொழுப்புதான் என் உடம்பு பூரா இருக்கு. இதோ இந்தச் சடையாண்டி அண்ணனைப் பாருங்க. அஞ்சு வருஷமா சோயாவைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. டம்ளர் டம்ளரா ஏன் குடிக்கணும்? மொத்த சோயாவும் நாலு கால்ல நிக்குதே!"

சிங்கம் யோசித்தது. சடையாண்டி யோசிக்கவில்லை, கேனைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

சிங்கம் துரத்தியது. அன்று அகப்படவில்லை, மறுநாளும் இல்லை. காலையில் எழுந்தால் இதே வேலையாகப் போயிற்று. இதில் டீ போட யாருக்கு நேரம்? மூச்சிரைக்கத் திரும்பி வந்ததும் செங்கமலம் அரை டம்ளர் பால் நீட்டுவாள். சர்க்கரை கேட்கக்கூடத் தெம்பில்லாமல் குடித்துவிட்டுச் சிங்கம் படுத்துவிடும்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். சர்க்கரையும் இறங்கியிருந்தது, கொழுப்பும் இறங்கியிருந்தது. சிங்கத்துக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் காட்டுக்குத் தெரிந்தது.

"எல்லாம் என் பால்!" என்றாள் செங்கமலம் பெருமையாக.

"இல்லை, என் சோயா!" என்று தூரத்துப் பாறையிலிருந்து சடையாண்டி கத்தியது.

குரல் வந்த திசையில் சிங்கம் பாய்ந்து ஓடியது.

நீதி: சோயாப் பாலோ பசும்பாலோ, எது வேண்டுமானாலும் குடியுங்கள், ஆனால் அதை விற்க வருபவரைத் தினமும் ஐந்து கிலோமீட்டராவது துரத்துங்கள்.