திறந்த பாத்திரத்துக்கு மேல் பேசக் கூடாது

மாலை ஏழு மணி. கணினித் திரையில் பதினான்கு சதுரம், பதினான்கு முகம். நடுச் சதுரத்தில் பூதக்கண்ணாடி. எங்கள் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் தலைவருக்கு, மூக்குக்கண்ணாடியின் கனத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் அது.

புதிதாகச் செல் வளர்ப்புப் பிரிவு, அதாவது உயிரணுக்களைத் தட்டில் வளர்க்கும் பிரிவு, தொடங்குகிறார்கள். ஒரே ஓர் இடம். இரண்டு மாதம் வீட்டிலிருந்தே திரையில் பாடம்; கடைசியில் நேரில் செய்முறைத் தேர்வு. சிறுநீர்ப் புட்டி வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்தே என் வாலிபம் போய்விட்டது. இதையும் விட்டால், ஓய்வு பெறும்வரை அந்த ஜன்னல்தான்.

அன்றே மனைவியிடம் அறிவித்தேன். "இனிமே நான் மாணவன். பாத்திரம் கழுவறது, தரை துடைக்கிறது, எதுவும் ரெண்டு மாசத்துக்குக் கிடையாது."

"தாராளமா படிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திரைப் பாடம் சொர்க்கம். மௌஸை அழுத்தினால் குழாய் தானே திரவத்தை உறிஞ்சும். தப்பாக அழுத்தினால் 'மீண்டும் முயல்க' என்று மரியாதையாகச் சொல்லும். ஒரு சொட்டு சிந்தாது. பாடக் குறிப்புகள்தான் முழ நீளம். சோபாவில் படுத்துக்கொண்டு அவளை வாசிக்கச் சொன்னேன்.

முதல் வாரமே பாதியில் நிறுத்தினாள். "வீட்டுச் செய்முறைன்னு ஒண்ணு இருக்கே."

"என்ன செய்யணுமாம்?"

"கண்ணாடிக் கலனை மூணு தண்ணியில அலசணுமாம். கலனுக்கு நாம எங்க போறது? பாத்திரம்தான் இருக்கு."

அலசினேன். அடுத்த வாரம் மேசை: வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டுமாம். சமையல் மேடையும் ஒரு மேசைதானே. அப்புறம் ஃபிரிட்ஜ்: ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். ஒருநாள் சாப்பிடும்போது என் ஜன்னல் புராணத்தை ஆரம்பித்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"திறந்த பாத்திரத்துக்கு மேல பேசக் கூடாதாம். எச்சில் தெறிச்சா எல்லாம் கெட்டுப் போயிடுமாம்."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் அமைதியானது அன்றிலிருந்துதான்.

தேர்வு வந்தது. ஆளுக்கொரு தட்டில் செல்களை ஊற்றி மூட வேண்டும். மௌஸ் தும்மாது, மனிதன் தும்முவான். எதிர் மேசைக்காரர் சம்பள உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊற்றினார். இன்னொருவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். என் கை, என்னைக் கேட்காமலே மேசையைத் துடைத்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் பார்த்தால் பன்னிரண்டு தட்டில் பூஞ்சை. என் தட்டு மட்டும் பளிங்கு.

எப்படி என்று பூதக்கண்ணாடி கேட்டார். வீட்டுச் செய்முறையை ஒழுங்காகச் செய்ததுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வீட்டுச் செய்முறை? நாங்க அப்படி எதுவும் கொடுக்கலையே."

வீடு வரும் வழியெல்லாம் கோபப்பட முயன்றேன். ஜன்னல் ஞாபகம் வந்தது, கோபம் வரவில்லை. வாசலிலேயே அவளுக்கு நன்றி சொன்னேன். குறிப்பில் இல்லாததை எப்படி வாசித்தாய் என்றும் கேட்டேன்.

"எல்லாம் குறிப்புல இருந்துச்சுங்க. வீட்டுலயும் செய்யணும்கிறது மட்டும்தான் இல்ல. திரையைப் பார்த்துக்கிட்டே இருந்தா கைக்கு எப்படி வரும்?"

ஜூன் இரண்டாம் தேதி செல் வளர்ப்புப் பிரிவில் சேர்ந்தேன். ஜூன் மூன்றாம் தேதி குளியலறையும் என் பொறுப்புக்கு வந்தது.