தெருமுனைத் திணறல்

"மறுபடியும் திணறுதா சார்?"

"அதே இடம்தான். என் மச்சான் வீட்டுத் தெருமுனை. திரும்பி ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, ஒரு நிமிஷம் மூச்சு நின்னு போய் முக்குது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். காருக்கு வயது இருபத்திரண்டு. கார்புரேட்டர் ஒழிந்து இன்ஜெக்டர் புகுந்த காலத்தது. அதன் உரிமையாளரோ நகர நூலகத்தின் தலைமை நூலகர். முப்பது ஆண்டுகளில் ஒரு நூலையும் வரிசை பிறழ வைத்தறியாதவர்.

அந்த வரிசைதான் வினையாயிற்று. சென்ற மாதம் மாமியாரை அடக்கம் செய்த அன்று நூலகத்தில் ஆண்டுச் சரிபார்ப்பு. அவர் அடக்கத்துக்குப் போகவில்லை. செவிலியரான மனைவி, தாயை வழியனுப்பிய கையோடு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். போன ஞாயிறு தொலைபேசியில் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நேர்ல வந்து, செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

திங்களன்றே கிளம்பினார். தெருமுனையில் வண்டி திணறியது. நடுத்தெருவில் நின்றுவிட்டால் மானம் போகுமே என்று திரும்பிவிட்டார்.

"பஸ்ல போயிடுங்களேன் சார்."

"நாலு பெட்டியோட போயிருக்கா. பஸ்லயா கூட்டிட்டு வர்றது?"

காருடன் வந்த கையேட்டை நூலகர் வேதமெனப் போற்றி வந்தார். 'மிதித்ததும் தயங்குதல்' என்னும் தலைப்பின்கீழ் அது ஏழு காரணங்கள் கூறிற்று. முதலாவதிலிருந்து முறையாகச் செல்வதே நெறி என்பது அவர் கட்சி. செவ்வாயன்று ஸ்பார்க் பிளக் நான்கும் மாறின; தெருமுனையில் திணறியது. புதனன்று பெட்ரோல் ஃபில்டர் மாறியது. தெருமுனைக்குப் பத்தடி முன்பே திணறியது. ஒரு நாள் முடிந்த திணறலிலேயே அடுத்த நாள் தொடங்க, வாரம் அந்தாதியாய் நகர்ந்தது.

மூன்றாவது காரணத்தைத் தாமே கவனிக்கத் துணிந்தார். காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தார். உள்ளிருந்த மயிரிழைக் கம்பி அறுந்தது. அதன்பின் வண்டி தெருமுனைவரை செல்லவும் மறுத்து, வீட்டு வாசலிலேயே இருமியது.

"இதைப் போய்த் தொடலாமா சார்?"

"துணி சுத்தமானதுதான்."

"துணி சுத்தம். சென்சார் பரலோகம்."

மெக்கானிக் வேறு சென்சார் பொருத்தி, குழாய், வயர் யாவும் சோதித்து, வியாழன் மாலை வண்டியின் கோளாறு பதியும் ஒரு ஸ்கேனரையும் செருகினார். "ஓட்டுங்க. என்ன நடக்குதுன்னு இது பாட்டுக்கு எழுதிக்கும்." வெள்ளியும் சனியும் நூலகர் போனார், இருநாளும் தெருமுனையோடு திரும்பினார்.

ஞாயிறு நான்கு மணிக்கு மெக்கானிக் தாமே பக்கத்தில் ஏறி, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக வண்டி வெண்ணெயாய் ஓடியது. தெருமுனை வந்ததும் திணறியது.

"திரும்பிடலாம்," என்றார் நூலகர். நெற்றி வியர்த்திருந்தது.

"விடாதீங்க சார், மிதிங்க! மிதிங்கன்னா!"

வண்டி முக்கி முனகி மைத்துனர் வாசலை அடைந்தது. மணி நாலு ஐம்பது. மனைவி வெளியே வந்தாள். ஒரு கையில் தாள், மறு கையில் பேனா.

"ஒரு வாரம் ஆச்சு. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"திங்கக்கிழமையே கிளம்பிட்டேன். அன்னிலேர்ந்து வந்து வந்து இந்த முனையோட திரும்புறேன். வண்டி விடல. வேணும்னா இவரைக் கேளு."

அவள் முகம் இளகியது. "நிஜமாவா? வண்டி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்களா?"

"சத்தியமா," என்றார் அவர். அதை நம்பியே சொன்னார். "அன்னிக்கு நான் செஞ்சது..." என்று தொடங்கி, முடிக்காமல் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பேனாவை மூடினாள். தாளை இரண்டாக மடிக்கப்போனாள்.

அப்போதுதான் மெக்கானிக், ஒரு வாரமாகத் தேடிய கோளாறைக் கண்டுபிடித்த ஆனந்தத்தில், ஸ்கேனரை உயர்த்திப் பிடித்தபடி இறங்கி ஓடிவந்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமே இல்லம்மா! இந்த முனை வந்தா சார்தான் ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்திருக்காரு. பாருங்க, தேதியோட பதிஞ்சிருக்கு!"