பிரவுனிக்கு ஒரு குற்றாலக் குளியல்

தென்காசிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வியாதி வந்தாலும் குற்றாலத் தண்ணீர் பட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற வியாதி. முதுகு வலிக்கிறதா, எண்ணெய் தேய்த்து அருவியில் நில். தூக்கம் வரவில்லையா, எண்ணெய் தேய்த்து அருவியில் நில். மகனுக்கு வேலை கிடைக்கவில்லையா, அவனையும் கூட்டிக்கொண்டு போய் நில். நான் பிறந்த சுரண்டையில் இந்த வியாதி கொஞ்சம் குறைவு. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த மூன்றாம் மாதமே எனக்கு முற்றிவிட்டது. அதுவும் மனிதர்களோடு நிற்காமல் ஒரு நாய் வரைக்கும் போய்விட்டது.

நாயின் பெயர் பிரவுனி. (நிறம் பழுப்பு. எங்கள் வீட்டில் பெயர் வைக்க அவ்வளவுதான் யோசிப்பார்கள்.) மழையில் நனைந்துகொண்டு தெருவில் கிடந்த குட்டியை என் மாமியார், அதாவது எங்கள் அத்தை, முந்தானையில் சுற்றித் தூக்கி வந்து வளர்த்தார். வீடு கடைத்தெருவில் மாடியில். பிரவுனிக்கு உலகம் என்பது கூடம், மொட்டைமாடி, காலையும் மாலையும் தெருமுனை வரை ஒரு சுருக்கமான நடை. கூடவே சின்னப்பொண்ணு என்று ஒரு பூனை. அது பிரிட்ஜ் மேல் படுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் கண்காணிக்கும்.

சுரண்டையில் எங்கள் வீட்டு நாய்க்கு நாங்கள் சோறு போட்டோம், அது குரைத்தது, கணக்கு சரியாக இருந்தது. இங்கே நாய்க்கு ஊசி போடும் தேதி காலண்டரில் வட்டம் போட்டிருக்கும். பூனைக்குப் பூச்சி மருந்து கொடுக்கிற நாளில் அத்தை விரதம் இருக்காத குறைதான். இந்த வீட்டில் மரியாதை வரிசை எனக்குச் சீக்கிரமே புரிந்தது: பிரவுனி, சின்னப்பொண்ணு, என் கணவர், அப்புறம் வந்து போகிறவர்கள். நான் அந்தக் கடைசி வகையில் இருந்தேன்.

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். காலையில் காபி போட்டு என் கையில் கொடுப்பார். "நீ உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். அடுப்புப் பக்கம் போனால் "நீ உக்காரு" என்பார். அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பீரோ, மளிகை அலமாரி, மொட்டைமாடிக் கதவு எல்லாம் அதில்தான். சர்க்கரை வேண்டுமென்றாலும் நான் கேட்டு நிற்க வேண்டும். இந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று மனசு ஏங்கும். வெளியே சொல்ல வெட்கம்.

ஆனி மாதம் வாசுதேவநல்லூரில் அத்தையின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாளே அத்தை கிளம்பினார். கணவர் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறவர், காலை ரயிலுக்கு ஓடிவிட்டார். வாசலில் நின்று அத்தை இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். நான் கையை நீட்டத் தயாரானேன். ஆனால் சாவிக்கொத்தை இறுக்கிச் செருகிக்கொண்டு, பிரவுனியின் சங்கிலியை என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி கோமதி, டாக்டரம்மா கொடுத்த ஷாம்புல நாளைக்கு இவனக் குளிப்பாட்டு. நல்லாத் தொடச்சு விடு. வேற ஒண்ணும் பண்ணிராத."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டேன். மதிக்கவில்லை.

பிரவுனிக்கு அப்போது ஒரே அரிப்பு. ஆனிச் சாரல் நாட்களில் தென்காசியே அரைத் தூக்கத்தில் இருக்கும். வெயில் அடிக்கும், அதற்குள்ளேயே தூறும். மேற்கே மலை இருக்கும். டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இருக்காது. துணி காயாது. நாயும் காயாது. ஈரத்தோடு மூலையில் படுத்துக்கொண்டு பிரவுனி வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கனவு வந்தது. (கண் திறந்தபடிதான். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையிலேயே வந்திருக்கிறது.) கனவில் பிரவுனி எண்ணெய் தேய்த்து, மூலிகைத் தண்ணீரில் குளித்து, பளபளவென்று நிற்கிறான். அத்தை திகைத்துப்போய் அவன் முதுகைத் தடவுகிறார். "இந்த ஊர்ல இத்தன வருசம் இருந்தும் எனக்குத் தோணலியே தாயி" என்கிறார். சாவிக்கொத்து அவர் இடுப்பிலிருந்து தானாகவே கழன்று என் இடுப்புக்கு வருகிறது. பின்னணியில் அருவிச் சத்தம்.

தெருமுனை ஆட்டோக்காரர் முருகையா அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர்.

"அண்ணாச்சி, குற்றாலம் போணும்."

"யாரெல்லாம் வாரிய?"

"நானும் பிரவுனியும்."

அண்ணாச்சி பிரவுனியைப் பார்த்தார். பிரவுனி அண்ணாச்சியைப் பார்த்தான்.

"இவன் குளிக்கப் போறானா? துண்டு எடுத்தாச்சா?" என்றார். எடுத்திருந்தேன். அத்தையின் புதுத் துண்டு.

சீசன் கூட்டத்தில் குற்றாலம் பிதுங்கியது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நாய்க்கா?" என்று அவர் எழுந்தே விட்டார். "எம்மா, நான் மனுசனுக்குத்தான் தேய்ப்பேன். எண்ணெய் வேணா தாரேன், எங்கயாவது தள்ளிப் போயித் தேயுங்க. இங்கன வச்சுத் தேய்ச்சா, நமக்கும் இதே எண்ணெய்தானான்னு ஆளுக ஓடிருவாங்க."

அருவியில் நாயை விட மாட்டார்கள் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. ஐந்தருவிச் சாலையில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பு ஓரமாக அருவித் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அங்கே ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். தோப்புக்குள் மேகம் இறங்கியிருந்தது. தென்னை மரங்களுக்குத் தலை தெரியவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவரிடம் வாங்கிய ஒரு பாட்டில் எண்ணெயையும் பிரவுனியின் மேல் கொட்டி, தலை, காது, கழுத்து, வால் என்று ஓரிடம் விடாமல் தேய்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் கண் சொருகியது. அந்த நேரத்தில் உலகத்தில் நானும் பிரவுனியும் சாரலும் மட்டும்தான் இருந்தோம்.

பிறகு அவனைத் தண்ணீருக்கு இழுத்தேன். சங்கிலி வந்தது. கழுத்துப் பட்டை வந்தது. பிரவுனி வரவில்லை.

எண்ணெய் தேய்த்த கழுத்தில் பட்டை நிற்காது என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. நான் அவன் இடுப்பைப் பிடித்தேன், வழுக்கியது. காலைப் பிடித்தேன், வழுக்கியது. சாலையில் குளிக்கப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் "பிடி பிடி" என்று உதவிக்கு வந்தார்கள். பாவம், அவர்களும் எண்ணெய் தேய்த்திருந்தார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தார். பிரவுனி அவர் கைக்குள் இருந்து நழுவி மேலே போனான், அவர் கீழே போனார்.

பிரவுனி சாலையில் ஓடினான். அந்த ஓட்டத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. காதுகள் பின்னால் படிந்திருக்க, நாலு காலும் தரையில் படாமல், வெள்ளை மேகத்துக்குள் ஒரு பழுப்பு நிறம் போய்க்கொண்டே இருந்தது. மாடி வீட்டு நாய்க்கு இப்படி ஓடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நொடி அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்துக்கூட விட்டேன். (சொன்னேனே, பழக்கம்.)

டீக்கடை முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு மினி லாரி நின்றது. பின்பக்கம் தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் பிடிக்காதது பட்டால் நாய் எதிலாவது புரண்டு துடைக்கும். பிரவுனி ஒரே தாவலில் ஏறி வைக்கோலுக்குள் புகுந்து புரள ஆரம்பித்தான். உள்ளே போய்க்கொண்டிருந்த வால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்குள் டிரைவர் டீயைக் குடித்துவிட்டு வந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கத்தியது அருவிக்குக்கூடக் கேட்டிருக்கும், அவருக்குக் கேட்கவில்லை.

"வைக்கோல் வண்டியா? கேரளாவுக்குல்லா போவுது!" என்றார் அண்ணாச்சி.

பிரவுனி தொலைந்தால் இந்த வீட்டில் நான் விருந்தாளியாகக்கூட இருக்க முடியாது. அதைவிட, அத்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மழையில் கிடந்ததை முந்தானையில் சுற்றி எடுத்த மனுசி. ஆட்டோ செங்கோட்டையைத் தாண்டி ஓடியது. இரண்டு பக்கமும் வயல், முன்னால் மலை, எல்லாவற்றின் மேலும் சாரல். வேறு நாளாக இருந்தால் பார்த்து மயங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றுக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நம் வைக்கோல் வண்டி நடுவில் நின்றது. அதைச் சுற்றி ஒரு கூட்டம்.

"சார், வைக்கோல் அசையுது" என்றார் ஒருவர்.

வைக்கோல் தும்மியது. கூட்டம் பின்வாங்கியது. டிரைவர் மலையாளி. "எந்தா இது! ஞான் அறிஞ்ஞில்லா சாரே" என்று, தனக்கு எதுவும் தெரியாதென அழாத குறையாக நின்றார். தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளேயிருந்து ஒரு வைக்கோல் எழுந்து நின்றது. எண்ணெயில் ஒட்டிய வைக்கோல் தலையிலிருந்து வால் வரை மூடி, இரண்டு கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வைக்கோல் வாலாட்டியது.

நடுரோட்டில் நான் அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "ஒனக்கு ஒண்ணுன்னா நான் அத்தைக்கு என்னடா பதில் சொல்லுவேன்! அவுகளுக்கு ஒன்ன விட்டா யாருடா இருக்கா!" என்றெல்லாம் சொன்னேனாம். (கணவர் இருக்கிறார். அப்போது ஞாபகம் வரவில்லை.) என்ன சொன்னேன் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், சுற்றி நின்றவர்கள் கையில் செல்போன் இருந்ததுதான்.

திரும்பும்போது கணவர் போன் செய்தார்.

"கோமதி, எங்க இருக்க?"

"வீட்லதாங்க."

"நம்ம வீட்ல வைக்கோல் எப்ப வாங்குனோம்?"

வீடியோ எனக்கு முன்னால் ஊர் சுற்றிவிட்டது. திருநெல்வேலிக்குப் போய், வாசுதேவநல்லூர் கல்யாண வீட்டுக்கும் போய், பந்தியில் இலைக்கு இலை ஓடியிருக்கிறது.

மறுநாள் வர வேண்டிய அத்தை அன்று சாயங்காலமே வந்து நின்றார். நான் கூடத்தில் உட்கார்ந்து பிரவுனியின் மேலிருந்து வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சின்னப்பொண்ணு பிரிட்ஜிலிருந்து இறங்கி வந்து அவன் காதை நக்கிக்கொண்டிருந்தது. கோர்ட்டில் நிற்பதுபோல எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கனவை மட்டும் சொல்லவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்து பிரவுனியின் இன்னொரு பக்கத்தில் பிய்க்க ஆரம்பித்தார். மெல்ல மெல்லப் பிரவுனியின் பாதி முதுகு வெளியே தெரிய ஆரம்பித்தது.

"சாப்ட்டியா?" என்றார் கடைசியில்.

நான் பிரவுனியைக் கேட்கிறார் என்று நினைத்து, "பால் குடிச்சான் அத்தை" என்றேன்.

"ஒன்னத்தான் கேக்குதேன்."

மறுநாள் பிரவுனிக்கு வயிற்றுப்போக்கு. உடம்பில் இருந்த எண்ணெயை நக்கியிருந்தான். காதை நக்கிய சின்னப்பொண்ணுக்கும் அதே. நான், அத்தை, நாய், பூனை எல்லோரும் அண்ணாச்சியின் ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் போனோம். அவரும் வீடியோ பார்த்திருந்தார். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "நாய்க்கு எண்ணெய்க் குளியல் எல்லாம் வேண்டாம்மா. உடம்ப நல்லாக் காய வைங்க, அந்த ஷாம்புவே போதும்" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பி, "ஆனா நல்லா ஓடியிருக்கான் போல. கண்ணப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. மாடியிலயே கிடந்தா இவனுக்கு அலுத்துப்போயிரும்லா? தெனமும் கொஞ்சம் தூரமா நடக்க விடுங்க" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அத்தை, நான், பிரவுனி என எங்கள் மூன்று பேரின் மாலை நடை. இன்றைக்கு வரை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மருந்தை அலமாரியில் எடுத்து வைக்கச் சொல்லி, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் முழித்தேன்.

"தொலச்சிட்டா என்ன செய்ய அத்தை?"

"தொலப்ப. அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா புளியறை வரைக்கும் போயாவது தேடிக் கொண்டாந்துருவ. பிடி."

அந்தச் சாவிக்கொத்து இன்றும் என் இடுப்பில்தான் இருக்கிறது. மூன்று முறை தொலைத்திருக்கிறேன். பிரவுனிக்கு இப்போது முகமெல்லாம் நரைத்துவிட்டது. ஆனாலும் தீபாவளி அன்று எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். "புளியறை வண்டி கிளம்பிட்டு" என்பார் கணவர்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் என்னிடம் மெதுவாக, "எக்கா, எங்க மாமியா எதையும் தொட விட மாட்டுக்காங்க. ஒங்க கிட்ட மட்டும் எப்பிடிச் சாவியக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இவ வீட்ல நாய் இல்லட்டி. நம்ம பிரவுனிய ரெண்டு நாளைக்கு அனுப்பி வைப்போம். கூட ஒரு பாட்டில் எண்ணெயும் குடுத்து விடு."